வேஷம் போதும், வேலை கொடுப்போம்

குடியரசு தினம், சுதந்திர தினம், குழந்தைகள் தினம் ஆகிய மூன்று நாட்களிலும் மும்பைப் பள்ளிகளில் சின்னஞ்சிறு காந்திகளும் ஜான்சி ராணிகளும் சிவாஜி மகாராஜாக்களும் நிரம்பி வழிவார்கள். நம் சங்க விழாக்களில் கூடுதலாக ஒரு பாரதியாரும் இரண்டு கட்டபொம்மன்களும் வந்து சேர்வார்கள். ஒட்டுமீசை அரிக்கும், பிள்ளை சொறியும், மீசை கையோடு வந்துவிடும். நாம் சிரிப்போம், கைதட்டுவோம், செல்போனில் படம் எடுப்போம். பிள்ளை நாலு வரி ஒப்பித்துவிட்டு மேடையை விட்டு இறங்கும். வாடகைக்கு எடுத்த உடுப்பு மறுநாளே கடைக்குத் திரும்பிப் போகும். 'இளம் தலைமுறைக்கு வரலாற்றைக் கொண்டு சேர்க்கும் நிகழ்ச்சி' என்று ஓர் அழைப்பிதழில் இதற்குப் பெயர் போட்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மாறுவேடப் போட்டியின் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. குழந்தைகளுக்கு அது கொண்டாட்டம், பெற்றோருக்குப் பெருமை. இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதை வரலாறு என்று சொல்லும்போதுதான் ஒரு கேள்வி எழுகிறது. அந்தப் பிள்ளை அன்றைக்கு என்ன செய்தது? உடுத்திக்கொண்டது, ஒப்பித்தது, அவ்வளவுதான். அந்தக் காலத்து மனிதர் ஒருவர் காலையில் எழுந்து என்ன வேலை செய்தார், அதில் எங்கே சிக்கல் வந்தது, அதை எப்படிச் சமாளித்தார் என்பதில் ஓர் இம்மியும் அதற்குத் தெரியாது.

இதற்கு மாற்றாக உலகில் பல இடங்களில் நடக்கும் ஒரு பயிற்சி உண்டு. ஏழு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளிடம் பழைய காலத்து வேலை ஒன்றை, அந்தக் காலத்துக் கருவியுடன், அந்தக் காலத்து விதிமுறைப்படி செய்யச் சொல்வது. வாழும் வரலாறு என்று இதைச் சொல்லலாம். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 1891இல் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் தொடங்கப்பட்ட நாளிலிருந்து பல நாடுகளிலும் இது வளர்ந்து வந்திருக்கிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து மறுபடி கட்டியிருப்பார்கள். பிள்ளைகள் மண் பிசையலாம், ஓலை பின்னலாம். நம் மும்பையிலும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம் என்று நாம் அறிந்த சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயத்தில் 2019இல் குழந்தைகளுக்கென்றே தனி மியூசியம் திறந்தார்கள். ஆகவே நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

நான் கல்வியாளனும் இல்லை. சிவில் இன்ஜினியரிங் டிப்ளமா முடித்து ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். எங்கள் இலாகாவில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தில் எத்தனை மார்க் வாங்கி வந்தாலும், கேங்மேன்களோடு பாதையில் நடந்து, ஜல்லியில் கை வைக்காதவனை யாரும் நம்பிப் பாதையை ஒப்படைக்க மாட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அங்கே பழமொழி மட்டுமில்லை, உயிர்ப் பிரச்சினை. அந்த வழக்கத்தைப் பிள்ளைகளின் வரலாற்றுப் பாடத்துக்கும் கொண்டுவரலாம் என்பதே என் கட்சி.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மும்பைப் பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் எப்போது ஓடியது என்று கேட்டால், '1853 ஏப்ரல் 16, போரிபந்தரிலிருந்து தாணே வரை' என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். 34 கிலோமீட்டர், 14 பெட்டிகள், சுமார் 400 விருந்தினர்கள், இழுத்துச் சென்றவை மூன்று இன்ஜின்கள் என்பதுகூடச் சிலருக்குத் தெரியும். நல்லது. 'ஒற்றைப் பாதையில் எதிரே இன்னொரு வண்டி வரவில்லை என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள். விழிப்பார்கள். பெரியவர்களும் விழிப்பார்கள்.

சென்ற கோடை விடுமுறையில் நம் சங்கத்துத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இதைச் செய்து பார்த்தேன். ஹாலின் இரண்டு மூலைகளிலும் இரண்டு ஸ்டேஷன்கள். நடுவே சாக்பீஸால் ஒற்றைப் பாதை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். மற்றவர்கள் ரயில் வண்டிகள். இருப்பது ஒரே ஒரு சிவப்பு டென்னிஸ் பந்து. பந்து கையில் இருக்கும் வண்டிதான் பாதையில் போகலாம். பந்தைப் பிரம்பு வளையத்தில் கட்டிய பையில் போட்டு நீட்ட வேண்டும். ஓடி வரும் 'டிரைவர்' கையை வளையத்துக்குள் நுழைத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நாளில் எங்கள் ஓட்டுநர்கள் ஓடும் இன்ஜினிலிருந்து அப்படித்தான் வாங்கினார்கள்.

ஐந்து நிமிஷம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு இந்தப் பக்க ஸ்டேஷனில் இரண்டு வண்டிகள் சேர்ந்துவிட்டன. முதல் வண்டி பந்தோடு அந்தப் பக்கம் போய்விட்டது. இரண்டாவது வண்டி நிற்கிறது, நிற்கிறது, நின்றுகொண்டே இருக்கிறது. எட்டு வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, 'தாத்தா, பந்து அந்தப் பக்கமே இருந்துட்டா நான் எப்படிப் போறது? அங்கேயிருந்து ஒரு வண்டியும் வரலையே' என்றாள். ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். 'யாராவது நடந்து போய் எடுத்து வரலாம்' என்றான் ஒருவன். 'ரெண்டு பந்து வெச்சுக்கலாம்' என்றான் இன்னொருவன். 'ரெண்டு இருந்தா ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டு வந்து நடுவுல இடிச்சுப்பாங்க' என்று அந்தப் பெண்ணே பதில் சொன்னாள்.

அன்பர்களே, 19ஆம் நூற்றாண்டில் ரயில்வே இன்ஜினியர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட பிரச்சினை இதேதான். 1874இல் இங்கிலாந்தில் நாரிச் நகருக்கு அருகே தோர்ப் என்ற இடத்தில் ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு எட்வர்ட் டையர் என்பவர் 1878இல் மின்சார டோக்கன் முறை ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு ஸ்டேஷன்களிலும் கருவிக்குள் பல டோக்கன்கள் இருக்கும். ஆனால் இரண்டு கருவிகளும் கம்பியால் இணைக்கப்பட்டிருப்பதால் ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்றுதான் வெளியே வரும். நம் நாட்டில் பல தலைமுறைகள் புழங்கிய நீல் பந்துக் கருவியும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, விளங்க வைக்க எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. கேள்வியை அவர்களே கண்டுபிடித்து விட்டிருந்தார்கள். நான் பதிலை மட்டும் சொன்னேன். வகுப்பறையில் இது தலைகீழாக நடக்கிறது. பதில்களை வரிசையாகக் கொடுத்துவிடுகிறோம்; கேள்வி என்ன என்பது கடைசி வரை பிள்ளைக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது உதாரணம், மூட்டை மாற்றுவது. நம் அங்கத்தினர்களில் திருநெல்வேலிப் பக்கத்தவர்கள் பலர். தாதரில் ஏறி, சென்னை சென்ட்ரலில் இறங்கி, பெட்டி படுக்கையோடு எழும்பூர் போய், மீட்டர் கேஜ் வண்டியைப் பிடித்த காலம் அவர்களுக்கு நினைவிருக்கும். இன்றைய பிள்ளைகளுக்கு அது கதை. தரையில் 1,676 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள், பக்கத்திலேயே 1,000 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டேன். அகலப் பாதையில் வந்த இருபது அரிசிப் பைகளைக் குறுகிய பாதை வண்டிக்கு மாற்ற வேண்டும். ஒரு கிலோப் பைதான். பத்தாவது பைக்குள் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. ஒரு பை கிழிந்து அரிசி சிந்தியது. 'வண்டியையே அந்தப் பாதையில் விட்டா என்ன?' என்று கேட்டார்கள். விட்டுப் பார்க்கச் சொன்னேன், சக்கரம் உட்காரவில்லை. 1992இல் ரயில்வே ஒரே பாதை அகலத் திட்டத்தை எதற்காகத் தொடங்கியது என்பதை அவர்கள் இனி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவது இதைவிடச் சுலபம். ஒரு குச்சியும் ஒரு கடிகாரமும் போதும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் மொட்டை மாடியில் குச்சியை நட்டு, பதினொன்றரை மணியிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் கோடு போடச் சொல்லுங்கள். மே மாத நடுவில் இதைச் செய்யாதீர்கள். அப்போது மும்பையில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்பதால் நிழலே கிடைக்காது. டிசம்பர் கடைசியில் நிழல் மிகக் குட்டையாவது பன்னிரண்டு மணிக்கு இருக்காது, 12.39 வாக்கில் இருக்கும். கடிகாரம் தப்பா, சூரியன் தப்பா என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அங்கேதான் பாடம். 1906 ஜனவரி 1 முதல் இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் வந்தது. அதற்கு முன்னால் ஊருக்கு ஒரு நேரம். பம்பாய் நேரத்துக்கும் சென்னை நேரத்துக்கும் அரை மணி வித்தியாசம். ரயில்வேக்கள் சென்னை நேரத்தைக் கைக்கொண்டிருந்தன. பம்பாய்க்காரர்கள் தங்கள் சொந்த நேரத்தை விட மனமில்லாமல் 1950கள் வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த 39 நிமிஷத்தைப் பிள்ளை தன் கையால் கோடு போட்டுக் கண்டுபிடிக்கிறது.

இனி, தமிழ்ச் சங்கம் என்ற முறையில் நம்மை நேரடியாகத் தொடும் விஷயம். அதே கோடை வகுப்பில் நம் அங்கத்தினரான ஒரு பாட்டி வீட்டிலிருந்து சுளகு கொண்டுவந்தார். (சென்னைப் பக்கத்தவர்கள் முறம் என்பார்கள்.) தவிட்டோடும் குறுநொய்யோடும் கலந்த அரிசியைக் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொன்னார். பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல் 'கிளீன் பண்றது' ஒன்றுதான். அரை மணி நேரத்தில் புடைப்பது வேறு, கொழிப்பது வேறு, தெள்ளுவது வேறு என்று மணிக்கட்டே சொல்லிக் கொடுத்துவிட்டது. மூன்று அசைவு, மூன்று சொல். மராட்டிப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண், 'இதுக்கு எங்க டீச்சர் சூப்புன்னு சொல்வாங்க' என்றாள். மற்றவர்கள் குடிக்கிற சூப் என்று நினைத்துச் சிரித்தார்கள். மராட்டியில் சுளகுக்கு அதுதான் பெயர். ஒரே சாமானுக்கு இரண்டு மொழி வார்த்தையையும் பிள்ளைகள் அன்று கொண்டுபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கரும்பலகையில் வினைச்சொல் பட்டியல் எழுதிப் போடுகிறோமே, அதில் பாதி அடுத்த வாரம் வரை நிற்பதில்லை. வேலையோடு வந்த சொல் நிற்கும். வேலை போனால் சொல்லும் போய்விடும். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு இதில் அவசரம் அதிகம்.

இதற்கு வரும் ஆட்சேபணைகளையும் பார்ப்போம். 'பாடத்திட்டத்தில் இடமில்லை' என்பார்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8ஆம் வகுப்பு வரை உள்ளவர்களுக்குப் பத்து நாட்கள் புத்தகப் பை இல்லாமல் தச்சர், குயவர், தோட்டக்காரர், கலைஞர் போன்றவர்களிடம் பழகுவதற்கு ஒதுக்கச் சொல்கிறது. நல்ல யோசனை. ஆனால் பதினொரு வயதுக்கு முன்பே இது வர வேண்டும் என்பது என் கருத்து. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டும் வேலையும் ஒன்றுதான். இரண்டிலும் முழு மனதோடு இறங்கும். பதினொன்றைத் தாண்டினால், யார் பார்க்கிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்ற கூச்சம் வந்துவிடுகிறது. கையால் செய்யும் வேலை மட்டம் என்ற எண்ணமும் அதற்குள் குடியேறி விடுகிறது.

'கூலி வேலை செய்யவா பிள்ளையைப் படிக்க வைக்கிறோம்?' என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். இந்தக் கேள்வி புதிதல்ல. 1937இல் இதே மகாராஷ்டிரத்து வார்தாவில் மாநாடு கூட்டிக் காந்தியடிகள் கைத்தொழிலை மையமாக வைத்த ஆதாரக் கல்வியைச் சொன்னபோதும் இதே கேள்விதான் எழுந்தது. தன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக உடல் நோகச் செய்த வேலையிலிருந்து தப்பித்துக்கொள்ளவே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவருக்கு அந்தக் கோபம் நியாயமானது. அவருக்கு என் பதில் இதுதான்: நான் தொழில் கற்றுக் கொடுக்கச் சொல்லவில்லை, அந்த வேலையைச் செய்தவரை மதிக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறேன். நம் வகுப்பில் ஒரு பையன் என்னிடம், 'கேங்மேன்னா என்ன செய்வாங்க தாத்தா?' என்று தனியாக வந்து கேட்டான். அவனுடைய தாத்தா ரயில்வேயில் இருந்தார் என்று மட்டும் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். என்னவாக இருந்தார் என்று சொல்வதில்லையாம். கேங்கில் உள்ள கீமேன் மழையானாலும் வெயிலானாலும் தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் பாதையில் நடந்து, தளர்ந்த சாவிகளைச் சுத்தியலால் அடித்து இறுக்கிவிட்டு வருவார். அவர் ஒரு நாள் போகாவிட்டால் மெயில் வண்டி போக முடியாது என்று சொன்னேன். சுத்தியலின் கனத்தை அவன் கையில் கொடுத்துக் காட்டினேன். இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான்.

மூன்றாவது ஆட்சேபணை எனக்கே உண்டு. இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் 'அந்தக் காலம் பொற்காலம்' என்ற பாட்டில் போய் முடிந்துவிடக் கூடாது. பத்து நிமிஷம் உரலில் இடிப்பது வேடிக்கை. விடிவதற்கு முன் எழுந்து தினமும் இடித்தவள் ஒரு பெண்; அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அதைச் சொல்லாமல் உலக்கையைக் கையில் கொடுக்கக் கூடாது. ராட்டினமும் கயிறும் வைத்துக் கிணறு அமைத்தால், அந்தக் கிணற்றில் எல்லோரையும் தண்ணீர் எடுக்க விட்டார்களா என்ற கேள்வியையும் வைக்க வேண்டும். நமக்கு அருகே மஹாடில் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று பொதுக் குளத்தில் தண்ணீர் அருந்த வேண்டியிருந்தது ஏன் என்று எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும். அநியாயம் என்பது பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குச் சீக்கிரம் புரியும்.

எங்கள் ரயில்வேக்கும் இது பொருந்தும். கர்ஜத்திலிருந்து லோனாவாலா ஏறும் போர் காட் பாதையில் ஏற்றம் 37க்கு 1. 37 அங்குலப் பலகையின் ஒரு முனையை 1 அங்குலம் தூக்கிக் காட்டினால், 'இவ்வளவுதானா!' என்பார்கள். இந்த ஏற்றத்துக்குத்தான் இன்றைக்கும் பின்னாலிருந்து தள்ளக் கூடுதல் இன்ஜின்கள் மாட்டுகிறார்கள். 1863இல் திறந்த அந்தப் பாதையைப் பல்லாயிரம் பேர் கூடையில் மண்ணும் கல்லும் சுமந்து அமைத்தார்கள். காலராவிலும் விபத்துகளிலும் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் 1859இல் இங்கு வந்த சில நாட்களிலேயே நோய் கண்டு இறந்துபோனார். அவர் மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தை ஏற்று முடித்துக் கொடுத்தார். அந்த அம்மையாரின் பெயர் நமக்குத் தெரிகிறது. கூடை சுமந்தவர்களின் பெயர்கள் தெரிவதில்லை. பிள்ளைகள் பத்து நடை மண் சுமந்த பிறகு இதைச் சொன்னால், ஏன் தெரியவில்லை என்று அவர்களே கேட்பார்கள்.

நான் சங்கத்துக்கு வைக்கும் யோசனை மிகச் சிறியது. மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு வேலை. உடுப்பு, மேடை, பரிசு, சான்றிதழ் எதுவும் வேண்டாம். பெற்றோர் படம் எடுக்க வேண்டாம். அவர்களும் கூட உட்கார்ந்து செய்யட்டும். முடிவில் பிள்ளை தன் நோட்டில் 'எனக்கு எது கஷ்டமாக இருந்தது' என்று தமிழில் இரண்டு வரி எழுதட்டும். பானை செய்வதைப் பார்க்க வேண்டுமானால் குயவரை இங்கே வரவழைத்து மூலையில் உட்கார வைக்காமல், நாம் தாராவி கும்பார்வாடாவுக்குப் போவோம். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த அந்தக் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே சக்கரம் சுற்றுகின்றன. டியூஷன் ஆசிரியருக்குக் கொடுக்கும் அதே மணிக் கட்டணத்தை அவருக்கும் கொடுப்போம். இலவசமாகக் கேட்க வேண்டாம்.

இதைத் தள்ளிப்போட முடியாத காரணம் ஒன்று உண்டு. கருவிகளை மியூசியத்தில் வைத்துப் பூட்டலாம். அவற்றைப் பிடித்த கையை வைக்க முடியாது. 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்தி சேவை நின்றது. தந்திக் கட்டையைத் தட்டிச் சம்பாதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய இரண்டு பேர் நம் அங்கத்தினர்களில் இருக்கிறார்கள். இருவருக்கும் எண்பதைத் தாண்டிவிட்டது. அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவர், கைத்தறியில் உட்கார்ந்தவர், வீட்டில் அப்பளம் இட்டு விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த அம்மாமார்கள் என்று நம் உறுப்பினர் பட்டியலிலேயே ஒரு மியூசியம் இருக்கிறது. பொன்னாடை போர்த்தி உட்கார வைப்பதைவிட, அவர்கள் எதிரே பத்துப் பிள்ளைகளை உட்கார வைப்பது அவர்களுக்குப் பெரிய மரியாதை என்று நினைக்கிறேன்.

அடுத்த செயற்குழுவில் இந்த யோசனையை வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். செலவு பெரிதில்லை. சாக்பீஸ், கயிறு, பிரம்பு வளையம், சிவப்புப் பந்து ஆகியவை என்னிடம் தயாராக இருக்கின்றன. வீட்டுப் பரணில் சுளகு, உழக்கு, அரிக்கன் விளக்கு, தராசு, எழுத்தாணி என்று எது வைத்திருப்பவர்களும் பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சாமானோடு, அதைப் புழங்கத் தெரிந்தவரையும் அழைத்து வாருங்கள்.